நான் அடைத்த பதினொரு துளைகள்

எங்கள் வீட்டின் பின்புற நூலறைக்கு அடியில் பூனையொன்று குட்டி போட்டிருக்கிறது என்னும் செய்தியை, ஒரு சித்திரை மாதக் காலையில் என் மனைவி கொண்டுவந்தாள். நான் அப்போது அதே அறையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

“பூனை எங்கே வேண்டுமானாலும் குட்டி போடும். அதற்கு அந்த உரிமை உண்டு” என்றேன், தாளிலிருந்து தலையை உயர்த்தாமல்.

“பக்கத்துல இல்லீங்க, அடியில. உங்க நாற்காலிக்குக் கீழ. தரைக்கும் கீழ. எழுந்து வந்து பாருங்க.”

எழுந்து சென்று பார்த்தேன். அறையின் பின்சுவரைச் சுமக்க வேண்டிய கடைக்கால் கல்வரிசை, தனக்குக் கீழே மண்ணின்றி, ஒரு முழ நீளத்திற்கு அந்தரத்தில் நின்றது. அதன் கீழிருந்த குழிவில் தாய்ப்பூனை மூன்று குட்டிகளோடு படுத்திருந்தது. வாடகைக்கு இருப்பவர் முன்னறிவிப்பின்றி வந்த வீட்டுக்காரரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தது.

“ஒன்பது பீரோ புத்தகத்துக்குக் கீழ படுத்திருக்கு பாருங்க. உங்களைவிட அதுக்குத்தான் உங்க கட்டடத்து மேல நம்பிக்கை” என்றாள் மனைவி.

அந்த அறை அங்கே எழுந்த கதையைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையாகாது. கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றபின், பெருங்களத்தூரைக் கடந்து வண்டலூர்ப் பக்கமாக, ஒரு குன்றின் அடிவாரத்தில் வீடு கட்டிக்கொண்டோம். புதிய நூற்றாண்டு பிறந்து ஓரிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம். காற்று இப்பக்கம் திரும்பிய மாலைகளில் உயிரியல் பூங்காவின் சிங்கம் முழங்குவது கேட்கும். விருந்தினர் திடுக்கிடுவர், நாங்கள் காய் நறுக்கிக்கொண்டிருப்போம். மனையின் பின்பகுதி சரிந்து இறங்கி, எட்டடிப் பள்ளத்தில் அடுத்த மனையாக முடியும். அச்சரிவின் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளியே எதையும் கட்டவேண்டுமென்று வரைபடம் போட்ட பொறியாளர் சொன்னார். நான் மூன்றடி விட்டேன். காரணம், அங்கிருந்து பார்த்தால் தொலைவில் ஏரி தெரிந்தது. ஏரியை நோக்கியவாறு அமர்ந்து எழுதவேண்டும் என்பது என் நெடுநாள் அவா. இரண்டே ஆண்டுகளில் ஏரிக்கும் எனக்கும் இடையே அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. ஏரி மறைந்தது. அறை விளிம்பிலேயே நின்றது.

நாற்பதாண்டுகளாகச் சேர்த்த என் நூல்கள் அனைத்தும் அவ்வறையில் இருந்தன. ஒவ்வொரு மழைக்காலமும் சரிவிலிருந்து ஒரு சாண் மண்ணைக் கொண்டுபோனது. இன்னுமொரு மழைக்காலம் இன்னுமொரு சாணைக் கொண்டுபோனால், ஒன்பது அலமாரிகளும் நாற்காலியும் நானும் கீழ்மனையில் குடியேற வேண்டியதுதான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பூனை தேவைப்பட்டது.

கீழ்மனையில் இருந்தவர் ஓர் இசுலாமிய நண்பர். பல்லாவரத்தில் தோல் பட்டறையொன்றில் வெட்டும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். நான் அவரைப் பாய் என்பேன். அவர் என்னைச் சார் என்பார். ஐந்தாண்டுகளில் எங்கள் உரையாடல் இவ்விரு விளிகளைத் தாண்டி மிகத் தொலைவு சென்றதில்லை. அவ்வளவு மரியாதை இருந்தது. மழை பெய்யும்போதெல்லாம் என் மனையின் செம்மண் அவர் வீட்டுத் துணி துவைக்கும் கல்வரை போய்ப் படியும். அவர் அதை மண்வெட்டியால் வாரி, தம் வாழைகளுக்கு அணைத்துவிட்டு, மேலே நிமிர்ந்து என்னைக் கண்டால், “நல்ல மழை சார்” என்பார். ஒருநாளும் குறைகூறியதில்லை. குறைகூறியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பூனையைக் கண்ட நாள்முதல் நான் செயலில் இறங்கினேன். அதாவது திட்டம் எழுதத் தொடங்கினேன். முதற்படியாகச் சாக்குகளில் மணல் நிரப்பி விளிம்பில் அடுக்கினேன். கோடைமழை ஒன்று பெய்தது. சாக்குகள் பிதுங்கி, வாய் பிரிந்து, கீழ்மனையில் சரிந்தன. மறுநாள் காலை பாய் அவற்றில் நான்கை மடித்துக் கொண்டுவந்து, “சார், இது உங்களுதா பாருங்க” என்று வாயிற்படியில் வைத்துவிட்டுப் போனார். என்னுடையவைதாம், அவற்றின் வாயைத் தைத்திருந்த நூலும், தைக்கத் தெரியாத கையும் அதைச் சொல்லின.

அடுத்த மாதங்கள் கட்டுமானம் பற்றி நூல்கள் படிப்பதில் கழிந்தன. ஆடியில் எதையும் தொடங்கலாகாது என்றாள் மனைவி. பகுத்தறிவு பேசுபவனாகிய நான் அதை மறுக்க எண்ணி, பின்னர் ஆடியில் காற்று மிகுதி என்னும் அறிவியற் காரணத்தைக் கண்டுபிடித்து ஒப்புக்கொண்டேன். ஆவணி பிறந்ததும் மனைவியே படப்பைப் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரியை வரவழைத்துவிட்டாள்.

மேஸ்திரி வந்தவர் முதலில் சரிவைப் பார்க்கவில்லை. அறையைப் பார்த்தார்.

“இன்னா சார், ரூமைக் கொண்டாந்து நுனில வெச்சிக்கிற?”

“ஏரியைப் பார்ப்பதற்காக.”

“எங்க கீது ஏரி?”

நான் அடுக்குமாடிகளின் பக்கம் கை நீட்டினேன்.

“அதுக்குப் பின்னாலயா? சரி வுடு.”

பிறகு சரிவில் இறங்கி ஏறினார், கடைக்காலின் கீழே கையை விட்டுப் பார்த்தார், பூனை சீறியது. “இதுக்குக் கருங்கல் கட்டுதான் சார். அடில அகலமா எடுத்து, மேல வரச்சொல்லோ ஒடுக்கிக்கினே வரணும். ரீட்டனிங் வால்.”

“தாங்குசுவர்” என்றேன்.

“எதுவோ ஒண்ணு. தாங்கணும், அவ்ளோதான்.”

“பைஞ்சுதை எத்தனை மூட்டை தேவைப்படும்?”

அவர் சற்றே யோசித்தார். “அது எந்தக் கம்பெனி சார்? நம்ம சைடுல கெடைக்கறதில்லியே.”

“சிமெண்டைக் கேக்கறாருப்பா” என்றாள் மனைவி, சன்னலுக்குள்ளிருந்து.

மேஸ்திரி குந்தி அமர்ந்து, கரணையின் முனையால் தரையில் கோடு போட்டு எனக்கு விளக்கத் தொடங்கினார். “இது செவுரு. இது உன் பக்கம் மண்ணு. செவுத்துக்குப் பின்னால ஜல்லி கொட்டணும் சார். அப்பால, தண்ணி வர்றதுக்கு நடுநடுவுல...”

தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டதும் என்னால் இருக்க முடியவில்லை. ஏரி மதகுகளைப் பற்றி நான் ஒரு மணிவிழா மலரில் நீண்ட கட்டுரை எழுதியவன். அதை எழுதிய நாளிலிருந்து எவரும் என்னிடம் அதுபற்றிக் கேட்டதில்லை. “தண்ணீரைப் பற்றித்தானே? சொல்கிறேன், கேளும்” என்று தொடங்கினேன். கரை உடைவது நீர் வருவதால் அன்று, வந்த நீருக்குப் போக வழியில்லாததால். நீரைத் தடுப்பவன் பாதி அறிவாளி, தடுத்துவிட்டு வழியும் விடுபவனே முழு அறிவாளி. நம் முன்னோர் கரைக்கு முன்பே மதகை எண்ணினர். மிகுநீர் வழியக் கலிங்கல் வைத்தனர். அரைமணி நேரம் பேசினேன். உடன் வந்திருந்த சித்தாள் பெண்கள் இருவரும் வேம்பின் நிழலில் அமர்ந்து வெற்றிலை மடித்து முடித்து, மென்று முடித்து, துப்பியும் முடித்தனர்.

நான் நிறுத்தியதும் மேஸ்திரி தாம் போட்ட கோட்டைக் காலால் அழித்துவிட்டு எழுந்தார். “அப்ப உனக்கே எல்லாம் தெரிஞ்சிக்கீது சார். நான் சொல்லத் தேவல.”

அன்று அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வேலை நடந்தது. பூனை, இதற்குள் வளர்ந்துவிட்ட தன் குட்டிகளை அழைத்துக்கொண்டு பாய் வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. எங்கள் குடும்பத்தில் நிலத்தின் போக்கை முதலில் உணர்ந்தது அதுதான் என்பேன். குழிவைக் கல்லும் கலவையும் இட்டு நிரப்பினர். பின்னர் சுவர் எழுந்தது. ஒவ்வொரு கல்லையும் மேஸ்திரி கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், ஒரு பக்கத்தைத் தேர்வார், வைத்தபின் மாற்றமாட்டார். நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அவ்வப்போது, “அக்கல் சற்றே இடப்புறம் சாய்ந்துளது” என்பது போன்ற திருத்தங்களை வழங்கினேன். அவர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் காட்டுவார். கல் நேராகவே இருக்கும். சாய்ந்திருந்தது என் நாற்காலி.

புரட்டாசி நடுவில் சுவர் முடிந்தது. “வேற வேல இருக்கு சார், வர்றன். எட்டு நாளு காலைல சாயந்தரம் ரெண்டு வேளையும் செவுத்துக்குத் தண்ணி காட்டு. வூட்டுக்காரன் கையால காட்டுனாத்தான் செவுரு நிக்கும்” என்று சொல்லிவிட்டுப் படப்பையில் ஏதோ வேலைக்குப் போய்விட்டார்.

நானே தண்ணீர் காட்டினேன். வேட்டியை மடித்துக் கட்டி, குழாயைக் கையில் பிடித்து, காலையும் மாலையும் என் சுவரை நனைத்தேன். அச்சுப்படி திருத்தியே பழகிய கண் எனக்கு. மூன்றாம் நாள் மேலிருந்து எட்டிப் பார்த்தபோது, நாற்காலியிலிருந்து எனக்குத் தெரியாதிருந்த வெளிமுகத்தில் வட்ட வட்டமாய்த் துளைகள் இருப்பதைக் கண்டேன். முழங்கால் உயரத்தில் ஆறு. என் தலைக்கும் மேலான உயரத்தில் ஐந்து. ஒவ்வொன்றிலும் ஒரு குழாய்த் துண்டு பதிந்திருந்தது. நான் ஊற்றிய நீரில் கொஞ்சம் அவற்றின் வழியே ஒழுகி, பாயின் மனையில் சொட்டிக்கொண்டிருந்தது.

சாரம் கட்டுவதற்காக விட்ட துளைகள், அவசரத்தில் அடைக்க மறந்துவிட்டார் என்று முடிவுசெய்தேன். அதையும்விட என் நெஞ்சைத் தைத்தது வேறொன்று. சுவரின் அடி நெடுகப் பாய் புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார். என் நீர் தம் வீட்டுக்குள் வராமல் தடுக்க அந்த மனிதர் தனியே, வாய் திறவாமல், மண்வெட்டி பிடித்திருக்கிறார்! நம் வீட்டுத் தண்ணீரை அடுத்தவர் மனையில் விடுவதைப்போல் இழிந்த செயல் வேறுண்டா? தாம்பரம் சுற்றுவட்டத்தில் பாதி வழக்குகள் அதனால் வந்தவை. ஐந்தாண்டு மண்ணைப் பொறுத்தவருக்கு நான் நன்றிக்கடனாக நீரையும் அனுப்புவதா?

மனைவியிடம் கேட்டேன். “ஓட்டையா? பாம்பு கீம்பு நுழைஞ்சிடப் போகுது. மேஸ்திரிக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்” என்றாள். முதற்பாதியை மட்டும் அறிவுரையாகக் கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. எஞ்சியிருந்த சிமெண்டைக் குழைத்து, ஒரு பாண்டுச் சட்டியில் ஏந்தி, மனைவியின் தோசைத்திருப்பியைக் கரணையாக எடுத்துக்கொண்டு, தெருவைச் சுற்றி இறங்கிப் பாயின் வீட்டுக்குச் சென்றேன்.

“வாங்க சார், வாங்க. முதல் தடவையா வீட்டுக்கு வர்றீங்க.” அவர் பதறிப்போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

“சுவரில் சில குறைகள் உள்ளன. உம் மனையில் நின்றுதான் சரிசெய்ய இயலும்” என்றேன்.

“அதுக்கென்ன சார். நீங்க எதுக்கு? குடுங்க, நான் செய்யறேன்.”

“இல்லை, என் சுவர். நானே செய்யவேண்டும்.”

கீழ்வரிசை ஆறையும் குந்தியிருந்தே அடைத்தேன். ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சாண் ஆழத்திற்குக் கலவையைத் திணித்து, தோசைத்திருப்பியால் வழவழவென்று பூசினேன். மேல்வரிசைக்கு எட்டவில்லை. பாய் உள்ளே சென்று ஒரு மர ஸ்டூல் கொண்டுவந்து போட்டு, நான் ஏறி நின்றதும் குனிந்து அதன் கால்களை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நான் முதல் துளையில் கலவையைத் திணித்தேன்.

“சார்...” என்றார் கீழிருந்து.

“சொல்லும் பாய்.”

“ஒண்ணுமில்ல சார். பாத்து. ஸ்டூல் ஆடுது.”

ஐந்தையும் அடைத்து முடிக்கும்வரை அவர் பிடியைத் தளர்த்தவில்லை. கடைசித் துளைக்குக் கலவை மிகுந்திருந்ததால், வீணாக்கலாகாது என்று ஒரு கருங்கல் சில்லையும் உள்ளே செருகி, மிச்சமனைத்தையும் அதிலேயே அப்பினேன். இறங்கியதும், “இனி உம் பக்கம் ஒரு சொட்டு வராது” என்றேன், பெருமிதத்துடன்.

“ஓ... சரி சார்” என்றார் பாய். அவர் முகம் சிறிது வாடியது போலிருந்தது. நன்றியுணர்வு மிகுந்தால் சிலருக்கு முகம் அவ்வாறு ஆகும் என்று எண்ணிக்கொண்டேன். அவர் மனைவி தேநீர் கொடுத்தார். பூனை என் காலடியில் வந்து மோந்துவிட்டு அகன்றது.

ஐப்பசியில் மழை பிடித்தது. முதல் இரண்டு நாள்களும் நான் நூலறையில் அமர்ந்து, சன்னலுக்கு வெளியே ஒரு பிடி மண்ணும் கரையாத காட்சியைக் கண்டு களித்தேன். கொல்லையில் நீர் தேங்கி நின்றது. ஏரி போய்விட்டதே என்று ஏங்கியவனுக்குச் சன்னலடியிலேயே ஏரி வந்துவிட்டது என்று மனைவியிடம் நயம்படச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “தண்ணி ஏங்க நிக்குது? போகவே இல்லையே” என்றாள்.

மூன்றாம் நாள் காலை பாய் மேலே வந்தார். குடையில்லை, பட்டறையில் அணியும் தோல் மேலங்கியைத் தலைமீது பிடித்திருந்தார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. சுவரு வயிறு தள்ளிட்டு நிக்குது.”

சென்று பார்த்தோம். சுவருக்கும் என் மண்ணுக்கும் இடையே, மேலே, விரல் நுழையும் அளவுக்குப் பிளவு விழுந்திருந்தது. நூலறைக்குள் திரும்பினேன். பின்சுவரின் மூலையில், தரையிலிருந்து மேல்நோக்கி, மயிரிழை போன்ற ஒரு விரிசல். முந்தைய நாள் அது இருந்ததா இல்லையா என்று என்னால் சொல்ல இயலவில்லை. ஏழாம் அலமாரியின் கதவு தானாகத் திறந்துகொண்டது.

மேஸ்திரிக்குத் தொலைபேசினேன். “சுவர் புடைத்துள்ளது” என்றேன்.

“மய பேய்து இல்ல சார், மெரளாத. ஓட்டைல தண்ணி நல்லா வருதா?”

“எந்த ஓட்டையில்?”

“செவுத்துல பைப்பு வெச்சிக்கீறனே, பதினொண்ணு.”

“அவற்றை நான் அடைத்துவிட்டேன்.”

மறுமுனையில் கரணை கீழே விழும் ஓசை கேட்டது.

“நீயே அடைச்சிட்டியா?”

“ஆம்.”

“சார்... நீதான சார் அன்னிக்கி மதகு மதகுன்னு அரை அவரு பேசுன? நானும் வேலைய வுட்டுட்டுக் கேட்டுக்கினு நின்னனே சார்?”

என் வாழ்நாளில் என் கட்டுரையின் சாரத்தை இவ்வளவு சரியாகப் பிடித்த வாசகர் வேறொருவர் இல்லை. ஆனால் மகிழ அது நேரமன்று. “இப்போது என்ன செய்வது?” என்றேன்.

“தொற. எல்லாத்தையும் தொற. மொதல்ல மேல் வரிசை. கீழ தொறந்தன்னா பிச்சிக்கினு அடிக்கும். ஓட்டைக்கு நேரா நிக்காத, ஓரமா நின்னு குத்து. ரூமுல இருக்கற வெயிட்ட எறக்கு. நான் வர்றதுக்குள்ள செவுரு வந்துச்சுன்னா ரூமும் சேந்து வந்துரும்.”

இதற்குள் பாயின் மனைவியும் மேலே வந்துவிட்டார். அவரும் என் மனைவியும் துணி துவைக்கும் அன்னக்கூடைகளில் நூல்களை அள்ளி முன்னறைக்குச் சுமக்கத் தொடங்கினர். நான் கடப்பாரையைத் தேடிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது:

“ஏங்கக்கா, இவ்வளவையும் சார் படிச்சிருக்காரா?”

“படிச்சிருக்கார். அதனாலதான் நாம தூக்கிட்டிருக்கோம்.”

பாயும் நானும் கீழே இறங்கினோம். மழை கண்ணைத் திறக்கவிடவில்லை. சுவர் உண்மையிலேயே கருவுற்றவள்போல் நடுவில் முன்தள்ளி நின்றது. நான் கடப்பாரையோடு ஸ்டூலில் ஏறப் போனேன். பாய் என் கையைப் பிடித்தார். ஐந்தாண்டில் முதன்முறையாக அவர் குரலில் மரியாதை சற்றுக் குறைந்திருந்தது.

“வேணாம் சார். இறங்குங்க.”

“என் தவறு, நானே...”

“அன்னிக்கு நான் புடிச்சேன்ல. இன்னிக்கு நீங்க ஸ்டூல புடிங்க.”

பிடித்தேன். அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த இரும்பு உளியையும் மரச்சுத்தியலையும் எடுத்து ஏறினார். “தோல்ல ஓட்டை போடறதுதான சார் நம்ம தொழிலே” என்று சொல்லிக்கொண்டே, துளைக்கு நேராக நில்லாமல் பக்கவாட்டில் சாய்ந்து, என் பூச்சின்மீது உளியை வைத்தார். நான்கைந்து அடிகளில் உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்தது. என் கலவை முழுதாக, புட்டுக்குழலிலிருந்து புட்டு வருவதுபோல் வெளிவந்தது. அதன் பின்னால் செந்நீர். அவர் ஓரமாக நின்றதால் தப்பினார். ஸ்டூலைப் பிடித்திருந்த நான் நேர்கீழே இருந்தேன். மூன்று நாள் மழையும் என் மூக்குக்கண்ணாடிமீதே இறங்கியது.

“கண்ணை மூடிக்குங்க சார்!”

“அடுத்ததைத் திறவும்!”

மேல்வரிசையில் நான்கு திறந்தன. ஐந்தாவது, நான் கருங்கல் சில்லைச் செருகியது, அசையவில்லை. பாய் பதினைந்து இருபது அடிகள் அடித்தார். உளியின் முனை மழுங்கியது. “இது வராது சார், விடுங்க” என்று இறங்கிக் கீழ்வரிசைக்குச் சென்றார். ஆறும் திறந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் கைத்தடிமன் நீர் வளைந்து பாய்ந்து, அவர் வெட்டிய வாய்க்காலில் விழுந்து, திரும்பி, அவருடைய வாழைகளை நோக்கி ஒழுங்காக ஓடியது. வழி தெரிந்த நீர் போல ஓடியது. நான் அந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“பாய், இவ்வாய்க்கால்...”

“வாழைக்கு வெட்டினது சார். மேஸ்திரி பைப்பு வைக்கும்போதே பாத்தேன், சாரு புண்ணியத்துல தண்ணி வரும்னு.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்புறம் நீங்க வந்து அடைச்சிட்டீங்க.”

“ஏன் அய்யா அன்றே கேட்கவில்லை?”

“கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துது சார். படிச்சவங்க, ஏதாவது காரணம் இருக்கும்னு விட்டுட்டேன். எங்க வாழைக்குப் போறது உங்களுக்குப் பிடிக்கலியோன்னும் தோணுச்சு.”

ஒருவரையொருவர் மதித்தே ஒரு சுவரைச் சாய்க்கப் பார்த்தோம் என்று சொல்லியிருக்கலாம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

நண்பகலுக்குள் கொல்லையின் ஏரி வடிந்தது. சுவரின் வயிறு உள்ளே போகவில்லை. ஆனால் மேலும் வளரவுமில்லை. மேலே வந்தபோது ஏழு அலமாரிகள் காலியாகியிருந்தன. விரிசலின் உச்சியில் மனைவி கரியால் ஒரு குறி இட்டிருந்தாள். மாலைவரை நால்வரும் மாறிமாறிச் சென்று அக்குறியைப் பார்த்தோம். விரிசல் அதைத் தாண்டவில்லை.

மேஸ்திரி மறுநாள் வந்தார். வயிற்றைத் தடவிப் பார்த்தார், தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார், விரிசலைப் பார்த்தார். “நிக்கும் சார். வயிறு வயிறாத்தான் இருக்கும். ஆனா நிக்கும். ரூமுல பாதி வெயிட்டுக்கு மேல ஏத்தாத” என்றார். பின்னர்த் திறவாத அந்தப் பதினோராம் துளைக்கு முன் ஸ்டூலில் ஏறி நின்று, உளியை வைத்து இரண்டு அடி அடித்தார். மூன்றாவது அடியில் உளி தெறித்தது. விரலால் பூச்சைத் தடவினார். நகத்தால் கீறினார். என் பக்கம் திரும்பினார்.

“இத இன்னாத்துல சார் பூசுன?”

“தோசைத்திருப்பியால்.”

“இந்த ஒண்ணுதான் சார் இந்த செவுத்துலயே ஒயுங்கா செஞ்ச வேல” என்றார். கேலி செய்தாரா, மெய்யாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

நூலறை இன்றும் நிற்கிறது. அலமாரிகளில் நான்கு மட்டுமே அங்குள்ளன. மற்றவை முன்னறைக்கு வந்து, விருந்தினர் அமர இடமில்லாமற் செய்துவிட்டன. மனைவி நூல்களை உயர வரிசைப்படி அடுக்கிவிட்டதால் எதையும் என்னால் கண்டுபிடிக்க முடிவதில்லை. என் மதகுக் கட்டுரை வந்த மலர் உட்பட. அவள் அதை எங்கோ வேண்டுமென்றே வைத்திருக்கிறாள் என்பது என் ஐயம்.

ஆண்டுதோறும் மழைக்கு முன் ஒரு ஞாயிறன்று கீழே செல்கிறேன். பாய் நீண்ட கம்பியொன்றைத் துளைகளில் விட்டுக் குடைந்து தூர் எடுக்கிறார். நான் ஸ்டூலைப் பிடிக்கிறேன். அவ்வேலையை எனக்கே ஒதுக்கிவிட்டார்கள். பத்தும் முடிந்தபின் அவர் பதினோராவதைக் கம்பியின் முனையால் டொக்கென்று ஒருமுறை தட்டிப் பார்ப்பார்.

“இன்னும் கெட்டியா இருக்கு சார்” என்பார்.

அவர் மனைவி ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்புவார். வாங்கிக்கொண்டு, தெருவைச் சுற்றி மேலே ஏறி வருவேன்.